சபையில் என்னைக் கேட்ட அண்ணைக்கு

என் அன்புச் சிவம் அண்ணை,

நேற்று எங்கள் கட்டிடத்தில் வாடகைக்காரர் கூட்டம். தலைமை தாங்கியது யார் தெரியுமா? உங்கள் தங்கச்சிதான்! அதுவும் பிரெஞ்சில்! நீங்கள் கண்ணை மூடி ஒரு குளிர்காலம் கழிந்துவிட்டது. இதை வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு பிரெஞ்சு பேசும் இந்த ஊருக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரே வீட்டில் இருந்தோமே. ஆண்கள் ஐந்து பேர், சமைக்க நான். துறைமுகக் களஞ்சியத்தில் உங்களோடு பெட்டி தூக்கிய பார்படோஸ்காரர் தன் தீவின் கதையைச் சொல்லப்போய், லீவு நாளெல்லாம் நீங்கள் நூலகத்தில் கிடந்தீர்கள். அந்தக் கரும்புத் தீவில் ஆங்கிலேயர் தொடக்கத்தில் நடத்திய ஆட்சியின் பதிவுகளை வாசித்துவிட்டு வந்து, சோறு ஆறும்வரை கதைப்பீர்கள். எனக்கு அலுப்புத்தான், பொய் சொல்லமாட்டேன்.

பிறகு எனக்குப் பிரெஞ்சு வகுப்பில் இடம் கிடைத்தது. "இவள் போனா ஆர் சமைக்கிறது?" என்றார் என் கணவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று முடிவாகிவிட்டது. நான் குசினியில் சட்டி கழுவிக்கொண்டு நின்றேன்.

நீங்கள் மட்டும் விடவில்லை. "கரும்பு வெட்டின அடிமையளைப் பற்றிச் சட்டத்துக்கு மேல சட்டம் கிடக்கு. அவையிட்ட ஒரு வார்த்தை கேட்டதா நான் ஒரு இடத்திலயும் காணேல்லை. நாங்களும் அதைத்தானே செய்யிறம்?"

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ர மனுசி என்ன அடிமையே?"

"இல்லையெண்டா அவளைக் கேள்." நீங்களே குசினி வாசலுக்கு வந்தீர்கள். "பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?"

அப்படி என்னை யாரும் கேட்டதில்லை, அண்ணை. கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். "எனக்குப் படிக்கவேணும். நான் போறன்."

வகுப்பு தொடங்கிய அன்றே அகப்பையை நீங்கள் எடுத்தீர்கள். ஐயோ, அந்தச் சொதியில் உப்பு! இவர் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். பிறகு வெட்கப்பட்டுத் தானும் சமைக்கப் பழகினார். இப்போது அவருடைய சொதி உங்களுடையதைவிடத் திறம், கோபிக்காதேயுங்கோ.

நேற்றைய கூட்டத்தில் ஹீட்டர் பழுதைப் பற்றிக் கதைத்தோம். வீட்டுக்காரரோடு சண்டை வேண்டாம், அடுத்த மாதம் கேட்கலாம் என்றார்கள் எல்லோரும். நானும் சரியென்று சொல்லப் போனேன். அப்போதுதான் பின்வரிசையில் ஹெய்ட்டிப் பெண் ஒருத்தியைக் கண்டேன். மடியில் குழந்தை, அதுவும் கோட்டோடு. குளிர்ந்து கிடப்பது அவளுடைய வீடு.

நீங்கள் என்னிடம் கேட்டதை நான் அவளிடம் பிரெஞ்சில் கேட்டேன். எழும்பி நின்று, குழந்தை இரவிலும் கோட்டோடுதான் படுக்கிறது, உடனே திருத்தவேண்டும் என்று சொன்னாள். அடுத்த மாதம் என்றவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட, அன்றைக்கே வீட்டுக்காரருக்குக் கடிதம் கொடுத்தோம். இன்று காலை ஹீட்டர் திருத்த ஆள் வந்தாயிற்று.

நன்றி அண்ணை. நான் இருக்கும் கூட்டத்தில், பின்வரிசையைக் கேட்காமல் ஒரு முடிவும் எழுத விடமாட்டேன்.

நீங்கள் கேட்டதால் வாய் திறந்த உங்கள் தங்கச்சி,
ராஜி