பச்சை பெயிண்டுக்குள் மூன்றாவது போல்ட்

வைகாசி 31, சனி

இன்றோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. விடிவதற்குள் எல்லாப் படகும் கிளம்பிவிடும். எங்கள் பழைய எஞ்சினில் மட்டும் ஸ்டார்ட்டர் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை மாற்றத் தலத்தெரு மெக்கானிக் வந்தார். இரண்டைக் கழற்றியும் ஸ்டார்ட்டர் கையோடு வரவில்லை.

“அடியில மூணாவது ஒண்ணு இருக்கு தம்பி. நான் முடுக்குனது” என்றேன்.

“கையை விட்டுத் தடவிட்டேன் மாமா, வழுவழுன்னு இருக்கு. கனவுல முடுக்கியிருப்பீங்க.”

சுரண்டச் சொன்னேன். பச்சை பெயிண்ட் பாளம் பாளமாக உதிர்ந்து போல்ட்டின் தலை அவர் விரலில் தட்டுப்பட்டது. மூன்றையும் மாற்றியதும் எஞ்சின் உறுமியது.

“தடைக்காலத்துக்குத் தடைக்காலம் இந்தப் பெயிண்ட அடிச்சது யாருப்பா?” என்று மகன் கேட்டான்.

எனக்கு எதுவும் மறக்காது. இது மட்டும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டுப் படுக்க வந்துவிட்டேன்.