பதிவேட்டில் புதிதாக ஒன்றும் இல்லை

என் செல்ல மகனுக்கு,

இன்றும் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போய், உன் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி, குற்றப் பதிவு கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். முன்பெல்லாம் ஏதாவது ஒரு வழக்கு புதிதாக இருக்கும். கடைத் திருட்டு, குடித்துவிட்டுக் கார் ஓட்டியது. கூடவே உன் முகவரியும் இருக்கும். அதில் கடைசியாக இருந்த முகவரிக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கவுன்டரில் இருக்கும் வெர்னா முகமெல்லாம் சிரிப்பாக, "ரெண்டு வருஷமா புதுசா ஒண்ணுமே இல்லக்கா! புள்ள திருந்திட்டான். நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றாள்.

நானும் சிரித்துவைத்தேன். காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.

எதையாவது திருடித் தொலையேன்டா. நீ உயிரோடு இருக்கிறாய் என்று எனக்கு வேறு யார் சொல்வார்கள்?

அம்மா