பாக்கெட்டுக்குள் போன பாதை

மார்ச் 3, செவ்வாய்

உலகத்தாருக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று மாலை ஐந்து பத்துக்கு, எங்கள் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரின் மெனுவில் ‘கால்குலேட்டர் – சிறப்புப் பதிப்பு’ உதயமானது. க்ளிக் செய்தால் சீட்டாட்டம் திறக்கும். முதல் பலி அப்பா. “என்னடா இது, கூட்டச் சொன்னா கலைச்சுப் போடுது!” என்றார். பிறகு அரைமணி நேரம் ஆடினார்.

ஒரு சின்ன ஃபைல், அவ்வளவுதான். அதில் பெயர், படம், புரோகிராம் இருக்கும் இடத்துக்கான பாதை. எழுதி வைத்தால் மெனுவில் வந்து உட்கார்ந்துவிடும். இதை வீட்டில் சொல்வேனா? மந்திரவாதி தொப்பியைக் கழற்றிக் காட்டுவானா?

மார்ச் 4

சித்தி வேலை பார்த்த அச்சகத்தை மூடி நாலு மாதம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். இப்போது ஒரு கம்பெனி, ஜாம் பாட்டிலுக்கு லேபிள் வரைந்து வெள்ளி பகல் பன்னிரண்டுக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறது. பிடித்துப்போனால் வேலை. நாலு மாதத்தில் இன்றுதான் சித்தி பாட்டு முணுமுணுத்தார்.

வரையும் புரோகிராம் மெனுவில் இல்லை. நான் கறுப்புத் திரையில் கட்டளை அடித்தால்தான் திறக்கும்.

“டேய், வந்து திறந்து விடுடா.”

“சார்னு கூப்பிடுங்க, வரேன்.”

“சார், எழுந்து வாங்க சார். இல்லேன்னா உங்க காது என் கையில இருக்கும் சார்.”

போனேன்.

மார்ச் 5

நாளை எனக்குப் பரீட்சை. “நீ போயிட்டா நான் யாரைக் கூப்பிடுவேன்?” என்றார் சித்தி. கேலியே இல்லாத குரல். என்னவோ போல் ஆகிவிட்டது.

வரையும் புரோகிராமை மெனுவில் சேர்த்தேன். வரவில்லை. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியைத் தப்பாக அடித்திருக்கிறேன்! திருத்தியதும் வந்தது, ஐகானாகச் சித்தி கொட்டாவி விடும் போட்டோவோடு. “படுபாவி, இதை எப்படா எடுத்த?” என்றவர், மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தார். எப்படிச் செய்தாய் என்று கேட்டார். ரொம்பப் பிகு பண்ணிக்கொண்டு காட்டினேன்.

இனி இந்த வீட்டின் கம்ப்யூட்டர் இலாகா என்னுடையது என்று அம்மா அப்பாவிடம் அறிவித்துவிட்டேன்.

மார்ச் 6, மாலை

ஐயோ.

பதினொன்றரைக்குப் பரீட்சை முடிந்து பாக்கெட்டில் கை விட்டேன் — காலையில் பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி வந்த பென்டிரைவ்! புரோகிராமே அதற்குள்தான். நான் எழுதிய பாதை நேராக என் பாக்கெட்டுக்கு வருகிறது. ஓடினேன். வீடு சேரும்போது பன்னிரண்டு ஐந்து.

“பத்து நிமிஷம் முன்னாடியே அனுப்பிட்டேன்டா,” என்றார் சித்தி.

எப்படி?

“க்ளிக் பண்ணேன், ஒண்ணும் வரல. உன் ஃபைலைத் திறந்தா பாதையில ‘சக்கரவர்த்தி’ன்னு உன் பென்டிரைவ் பேரு. ஓகோ, சக்கரவர்த்தி பரீட்சை எழுதப் போயிட்டார்னு புரிஞ்சுது.”

புரோகிராமைப் புதிதாக இறக்கி, இயங்க அனுமதி கொடுத்து, பாதையை மாற்றியிருக்கிறார். இறங்கவே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்திருக்கும்?

அம்மா வந்ததும் சித்தி, “இவன் ஐகான் போட்டுக் கொடுத்தான், முடிஞ்சுது,” என்றார். அவ்வளவுதான். நானும் தலையை ஆட்டினேன். சீ.

மார்ச் 9

பதில் இல்லை. மெயில் பெட்டியைச் சித்தி திறக்கிறார், மூடுகிறார். நான் சேட்டை எதுவும் செய்யவில்லை. “உடம்பு சரியில்லையா?” என்கிறார் அம்மா.

மார்ச் 12

வேலை கிடைத்துவிட்டது! சித்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா மாடிவீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “எல்லாம் நம்ம பையன் போட்ட ஐகான்,” என்று ஆரம்பித்தார். சித்தி என்னைப் பார்த்து, பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினார். இவ்வளவு நல்ல மனுஷிக்கு நான் எப்படி அக்கா மகனானேன்?

பேசாமல் இருக்க முடியவில்லை. மாடிவீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை அந்தப் புரோகிராமைத் திறக்க வைத்தது சித்தி. திறக்காமல் செய்ததுதான் நான்.