பாப்பாவின் காலில் ஆட்டு மணி

என்னோடு சண்டை போடாமல் ஒரு நாளும் சோற்றில் கை வைக்காத என் அருமை அத்தைக்கு,

நீங்கள் போய் வருஷம் திரும்பப்போகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் இத்தனை நாளாக மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரிப்படவில்லை. நாலு பேர் காதிலும் விழட்டும் என்று இப்போது போனில் பேசிப் பேசி எழுதுகிறேன். நான் பேசினால் அது எழுத்தாக்கிக்கொள்கிறது, எழுதியதைத் திருப்பிப் படித்தும் காட்டுகிறது. நீங்கள் இருந்திருந்தால், அந்தப் பொட்டியிடம் பேசுகிற நேரத்துக்கு ரெண்டு வெங்காயம் உரித்திருக்கலாம் என்பீர்கள். உரித்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன் அத்தை.

உங்கள் மகன் என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது ஊரே பேசியது. தக்காளிக் காடும் மாடு கன்றும் உள்ள வீட்டுக்குக் கண் தெரியாத மருமகளா என்று கேட்டார்கள். நீங்களும் கேட்டீர்கள். அதுவும் முதுகுக்குப் பின்னால் இல்லை, என் காதுபடவே. அந்த வகையில் நீங்கள் மற்றவர்களைவிட மேல்.

கடத்தூரில் என் அம்மா வீட்டில் நான் உட்கார்ந்தே வளர்ந்தவள். அம்மாவுக்கு என் மேல் உயிர். அதனாலேயே என்னை அடுப்புப் பக்கம் விட்டதில்லை. தலை சீவிவிடுவார், சோற்றைப் பிசைந்து தட்டில் போட்டு, என் கையைப் பிடித்து அதன் மேல் வைப்பார். பிறகு கண் தெரியாதவர்களுக்கான ஒரு பயிற்சி மையத்துக்குப் போய், கோல் ஊன்றித் தனியாக நடக்கவும் கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவும் கொதிக்கிற சத்தத்தை வைத்துப் பக்குவம் பார்க்கவும் கற்றுக்கொண்டு வந்தேன். கற்று என்ன செய்ய? வீட்டில் செய்ய விட்டால்தானே.

உங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் சுவரோரமாக உட்கார்ந்தேன். நீங்கள் ஒரு முறத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தீர்கள்.

"இப்பிடியே ஒக்காந்திருந்தா வெங்காயத்த யாரு உரிப்பா?"

ஞாபகம் இருக்கிறதா? அன்று என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தால் என்று நினைத்திருப்பீர்கள். என் வாழ்க்கையில் என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை அது.

உங்கள் வாயிலிருந்து 'பாவம்' என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. உப்பு கூடினால் திட்டினீர்கள், களி கட்டி தட்டினால் திட்டினீர்கள், கோலை நடைவழியில் சாத்தி வைத்தால் திட்டினீர்கள். மற்ற வீட்டு மருமகள்கள் எப்படித் திட்டு வாங்குவார்களோ அதே திட்டு. நானும் சும்மா இருந்தேனா? எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வையுங்கள் என்று தினமும் கத்தினேன். "எங்கூடு, எங்க வேணா வெப்பேன்" என்று நீங்கள் கத்தினீர்கள். ஆனால் மிளகாய்த்தூள் டப்பா ஒரு நாளும் இடம் மாறி இருந்ததில்லை.

பாப்பா பிறந்ததும், எனக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சி மையத்து அக்கா வீட்டுக்கே வந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது, மருந்து அளந்து கொடுப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் நிலைப்படியில் நின்று வெற்றிலை மென்றுகொண்டே, புள்ளையைக் குளிப்பாட்ட டீச்சர் வைத்துக்கொண்ட வீடு இந்தத் தாலூகாவிலேயே இதுதான் என்றீர்கள். அந்த வாரக் கடைசியில் மருந்து எடுக்கப் போனேன். காய்ச்சல் மருந்து பாட்டிலில் மட்டும் ஒரு ரப்பர் பேண்டு சுற்றியிருந்தது. சளி மருந்தோடு மாறிவிடக் கூடாதென்று அப்படிச் சுற்றி வைக்கும்படி அக்கா சொல்லியிருந்தார், நான்தான் மறந்திருந்தேன். யார் சுற்றியது என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

அவள் நடக்கத் தொடங்கியபோது, காலில் சத்தம் வருகிற மாதிரி ஏதாவது போட்டுவிடு, எங்கே இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும் என்றார் அக்கா. வெள்ளிக் கொலுசு போட்டோம். டிவி ஓடினால் அதன் சத்தம் அமுங்கிவிடும், மோட்டார் ஓடினால் சுத்தமாகக் கேட்காது. எங்கள் வீட்டுப் பிள்ளையைச் சந்தை மாடு மாதிரி ஆக்குகிறாள் என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பிறகு காரிமங்கலம் சந்தைக்குப் போய் வந்து, குட்டி ஆட்டின் கழுத்தில் கட்டுகிற சின்ன வெண்கல மணி இரண்டைக் கறுப்புக் கயிற்றில் கோர்த்து நீங்களே அவள் காலில் கட்டினீர்கள்.

"கேக்குதா?" என்றீர்கள்.

"நல்லா கேக்குதுங்க அத்தை."

"செவுடாவும் இல்லாம போனியே, அந்த மட்டுக்கும் சந்தோசம்."

இதை வெளியில் சொன்னால் கொடுமைக்கார மாமியார் என்பார்கள். நான் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் தக்காளிக் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். அத்தனை பேரும் நல்லவர்கள், அதுதான் தொல்லை. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். எழுந்தால் அமுக்கினார்கள். அடுப்படியைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று எல்லாச் சாமானையும் இடம் மாற்றினார்கள். பாப்பாவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ சும்மா இரு என்றார்கள். நீங்கள் முறத்தை வைத்து என்னை எழுப்பிய இடத்திலேயே அவர்கள் என்னை மறுபடி உட்கார வைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள் வந்ததும் செய்த முதல் வேலை, பாப்பாவின் கால் மணியை அவிழ்த்ததுதான். எழவு வீட்டில் சலங்கைச் சத்தம் கேட்கக் கூடாதாம். முறைக்காகச் செய்தார், கெட்ட எண்ணம் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தடவிப் பார்த்தபோது வெறும் கால். கேட்டால், காரியம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

கருமாதி அன்று காலை பந்தலில் சமையல் நடந்துகொண்டிருந்தபோது பாப்பாவைக் காணோம். யாரிடம் இருந்தாள்? இவரிடம் என்றார் அவர், அவரிடம் என்றார் இவர். ஒருவர், கெணத்துல எட்டிப் பாருங்க என்றார். அத்தை, அந்த ஒரு சொல் போதாதா எனக்கு? கத்திக் கூப்பிட்டேன். எல்லோரும் சேர்ந்து கத்தியதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், காலில் மணி இல்லாத குழந்தையைக் காது எங்கே தேடும்?

கடைசியில் பூசணிக்காய் எடுக்கப் போன சமையல்கார அம்மாதான் கண்டுபிடித்தார். கொல்லைப்புறத்தில் தக்காளி ஏற்றுகிற பிளாஸ்டிக் கிரேடுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்போமே, அதற்கு நடுவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாளாம். தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டார். அவளை உடம்பெல்லாம் தடவிப் பார்த்து நான் மூச்சு விடுவதற்குள் பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

மாமியார் இருந்தவரைக்கும் சரி, இனி இவள் எப்படிக் குழந்தையைப் பார்ப்பாள் என்றார் ஒரு பங்காளி. இவள் புருஷன் லாரி ஏறினால் பெங்களூரு, சென்னை என்று நாள் கணக்கில் வருவதில்லை, பெண் ஒருத்தி கண்ணும் தெரியாமல் எப்படி என்றார் இன்னொருவர். உங்கள் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டேதான் சொன்னார்.

"சத்யா, தப்பா நெனைக்காத. பாப்பாவ நான் காரிமங்கலத்துக்குக் கூட்டிட்டுப் போறன். எம் புள்ளையாட்டம் வளத்தறன். நீ எப்ப வேணா வந்து பாரு."

வந்து பாரு! என் குழந்தையை நான் விருந்தாளியாகப் போய்ப் பார்க்க வேண்டுமாம். உங்கள் மகன் பேசவே இல்லை. அவர் பக்கத்தில்தான் நின்றார், டீசல் வாசனை எனக்குத் தெரியாதா? அவருக்கும் பயம்தான். கிணறு என்ற சொல் அவர் காதிலும் விழுந்திருந்ததே.

அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்தேன். பிறகு யோசனையை விட்டுவிட்டு எழுந்தேன். இரண்டு கைகள் என் தோளை அமுக்கின. தட்டிவிட்டேன்.

"அண்ணி, மணி எங்கீங்க?" என்றேன்.

அவர் கைப்பையின் ஜிப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"ஊருப்பட்ட கண்ணு இருந்துச்சுங்களே, அதுல ஒண்ணுக்குக்கூடவா பாப்பா போனது தெரியல? எனக்குப் புள்ள எங்கன்னு சொல்றது இது ஒண்ணுதான். இத அவுத்து வெச்சுக்கிட்டு, நான் தொலைச்சுட்டன்னு சொல்றீங்க. பாப்பா எங்கியும் வராதுங்க."

காரியம் முடிகிற வரைக்குமாவது மணி வேண்டாமே என்றார் யாரோ ஒரு பெரியம்மா. இது செத்துப்போனவங்க கட்டுன மணி, இந்தச் சத்தம் அவங்களுக்குப் புதுசு இல்லை என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். தூக்கக் கலக்கத்தில் இருந்தவளின் காலைப் பிடித்துக் கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டேன். அவளை இறக்கிவிட்டதும் நங்கென்று ஒரு குதி குதித்தாள் பாருங்கள், பந்தல் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகுதான் உங்கள் மகனுக்கு வாய் வந்தது.

"பாப்பா எங்க போவும்? இங்கதான் இருக்கும்," என்றார்.

எல்லோரும் போன பிறகு அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாக முகர்ந்து, குலுக்கி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். அன்றைக்குத்தான் உங்களுக்காக உட்கார்ந்து முழுசாக அழுதேன். அதுவரைக்கும் எனக்கு ஏது நேரம்?

இப்போது சேதி சொல்கிறேன். பாப்பாவை அங்கன்வாடிக்கு நானே கூட்டிப்போகிறேன். ஒரு கையில் கோல், ஒரு கையில் அவள். முதலில் பார்ப்பவர்கள் எல்லாம் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். உதவி வேண்டுமென்றால் கேட்பேன், இழுக்காதீர்கள் என்று சொல்லிச் சொல்லி இப்போது வழிக்கு வந்திருக்கிறார்கள். ஒரு மத்தியானம் காய்ச்சல் கொதித்தது. ரப்பர் பேண்டு சுற்றிய பாட்டிலைத் தடவி எடுத்து, மருந்து கொடுத்து, உடம்பு துடைத்துவிட்டு, ஆட்டோவுக்குப் போன் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். டாக்டர், கூட யாரும் வரவில்லையா என்று கேட்டார். நான்தான் கூட வந்திருக்கிறேன் என்றேன்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். உங்கள் பேத்தி இப்போது வெல்லம் திருடுகிறாள். எப்படி? குனிந்து இரண்டு மணியையும் கையால் பொத்திக்கொண்டு தவக்களை மாதிரி நடக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துச் சொன்னதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூடவே, இப்படிச் சத்தமில்லாமல் கொல்லைப் பக்கம் போனால் என்ன செய்வது என்றும் தோன்றியது. அதனால், கூப்பிட்டால் எங்கிருந்தாலும் 'இங்க இருக்கன்' என்று பதில் சொல்லப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். வாயில் வெல்லத்தோடு பதில் சொல்கிறாள். இதை உங்களிடம் சொல்லி, உங்களிடம் திட்டு வாங்க முடியவில்லையே என்பதுதான் எனக்குப் பெரிய குறை.

அடுத்த மாதம் உங்கள் தெவசம். சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்றார் உங்கள் மகன். வேண்டாம் என்றுவிட்டேன். படையலுக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் நானே செய்வேன். களி கட்டி தட்டாது, தட்டினாலும் நீங்கள்தான் எழுந்து வந்து சொல்ல வேண்டும். உங்கள் மகளும் வருகிறார். பாப்பாவைப் பற்றி மறுபடி பேச வேண்டும் என்று போனில் சொன்னார். வாங்க அண்ணி, வயிறு நிறையச் சாப்பிடுங்க, என் அடுப்படியில் எதையும் நகர்த்தாதீங்க, பாப்பா காலில் கை வைக்காதீங்க என்றேன். எங்கம்மா பேசற மாதிரியே பேசற என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேறென்ன வேண்டும்?

அத்தை, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த மணியை முறை என்று சொல்லியோ இரக்கம் என்று சொல்லியோ இனி எவரும் அவிழ்க்க விட மாட்டேன். பாப்பா ஒரு நாள் காலை நீட்டி, எனக்கு இது வேண்டாம், நான் எங்கே போகிறேன் என்று நானே உன்னிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்பாள். அன்றைக்கு நானே முடிச்சை அவிழ்ப்பேன். அவளையும் பிடித்து உட்கார வைக்க மாட்டேன். அதுவரைக்கும் இந்த வீட்டில் ஆட்டு மணி சத்தம் கேட்கும், எழவானாலும் சரி, கல்யாணமானாலும் சரி.

இப்படிக்கு,
உங்களுக்குச் சரிக்குச் சரி வாய் பேசிய,
இனியும் பேசப்போகிற உங்கள் மருமகள்
சத்யா