டயர் படுக்கை

புதுச்சத்திரம்

அன்பு மகளுக்கு,

காப்பகத்திலிருந்து நீ கொண்டுவந்து விட்டுப்போன நாய் நலம். "எனக்கெதுக்கு நாயி?" என்று உன்மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் நீ பஸ் ஏறியதுமே பழைய லாரி டயர் ஒன்றைக் கழுவி, சாக்கு விரித்து அதற்குப் படுக்கை செய்தேன்.

டயரைப் பார்த்ததும் நடுங்கி மூலையில் ஒண்டிக்கொண்டது. லாரியில் அடிபட்டுக் காலிழந்த ஜீவனுக்கு டயரிலா படுக்கை போடுவது? காலமெல்லாம் லாரி ஓட்டியவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

டயரை வெளியே உருட்டிவிட்டேன். உன் அம்மா கண்மூடியதிலிருந்து திறக்காத பீரோவைத் திறந்து, அவளுடைய நூல் சேலையை விரித்தேன். மெல்ல வந்து படுத்தது.

"பால் குடிக்கறயா சாமி?" என்று கேட்டேன். இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

நீ நல்லா இருக்கணும். நாளைக்குப் போன் அடி சாமி, முன்னைப்போல விட்டுவிடாமல் எடுக்கிறேன்.

உன் அப்பா