அட்டையில் பென்சில் எழுத்து

14 மார்ச் 2003, வெள்ளி

ஹெபடைடிஸ் சி நோயாளிக்கு ஊசி தொடங்கும் முன், வைரஸ் கட்டுப்படுமா, படாதா என்ற தன் கணிப்பை எங்கள் டாக்டர் ஃபைல் அட்டையில் பென்சிலால் எழுதிவைப்பார். கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்த ஆரோக்கியசாமிக்கு, ‘கட்டுப்படாது’ என்று எழுதியிருந்தார்.

பன்னிரண்டாவது வார ரத்தத்தை நேற்று லேபில் சோதித்தேன்; வைரஸே தெரியவில்லை. குழாயை மாற்றிவிட்டேனோ என்று பயந்து, ஃப்ரீசரில் வைத்திருந்த அவருடைய அதே ரத்தத்தின் இன்னொரு குழாயை இன்று சோதித்தேன். அதிலும் இல்லை. லட்சக்கணக்கில் இருந்தவை எங்கே போயின?

விவேக் நகரிலிருந்து ரிப்போர்ட் வாங்க வந்திருந்த ஆரோக்கியசாமி, “இன்னும் ஊசி போடணுமாம்மா?” என்றார்.

“ஆமாங்க, இன்னும் ஒம்போது மாசம்.”

தலையாட்டிவிட்டுப் போனார்.

ரிப்போர்ட்டைக் காட்டி, டாக்டரிடம் ரப்பரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“இருக்கட்டும்மா. அடுத்த ஆளுக்கு எழுதறப்போ நான் இதப் பாக்கணும்.”