அறுத்தெடுத்த பக்கம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எங்கள் கொல்லையில் கிடைத்த பானை ஓடு உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அதைப் பையில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சி நூலகத்துக்குப் போனேன். ஒரே பானைக்கு இரண்டு நிறம் எப்படி வந்தது என்று சொல்லாத மண்பாண்ட வரலாறு எனக்கு வேண்டாம். வழவழப்பான இரண்டு புத்தகங்களைப் புரட்டிவிட்டுத் திருப்பி வைத்தேன்.

"இன்னாம்மா, முழுசா பாக்காமயே வெக்கிற?" என்றார் நூலகர்.

"ஒரு பக்கம் பாத்தா போதுங்க."

மூன்றாவது புத்தகத்துக்கு அட்டையே இல்லை. ஆனால் ஒரு பக்கத்தின் அடியில், இரண்டு நிறம் வருவதற்குப் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடுவதைப் பற்றி ஆரம்பித்திருந்தது. அடுத்த பக்கத்தை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருக்கிறார்கள்.

நூலகருக்குக் கோபம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. திருடன் சரியான பக்கத்தைத்தான் எடுத்திருக்கிறான். இந்த ஊரில் இன்னொருவர் கையிலும் இப்படி ஓர் ஓடு இருக்கிறது. ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன்.